ரிசீவரைத் தூக்கிய கை

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் என்று நினைவு. கோவில்பட்டியில் விவசாயம் சம்பந்தப்பட்ட ஓர் அரசு அலுவலகத்தில் நூலகராக இருந்தேன். நூலகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நீளமான ஓர் அறை, சில இரும்பு அலமாரிகள், பைண்டு செய்து அடுக்கிய பழைய ஆய்விதழ்கள். எந்த இதழ் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு.

அந்த வருஷம் சென்னைத் தலைமை அலுவலக நூலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆராய்ச்சிக் கட்டுரைகளை டேட்டாபேஸில் தேடி எடுப்பது எப்படி என்று அரசு ஊழியர்களுக்கு இணையம் வழியாகவே பயிற்சி. நான்கு புதன்கிழமை, அலுவலகத்துக்கு ஒருவர். வெபினார் என்று இன்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அதுதான். அப்போது எங்களுக்கு அந்த வார்த்தையே புதிது.

நூலகத்துப் பயிற்சி, நூலகரைத் தவிர வேறு யாருக்குப் போகும்? நான் நிம்மதியாக இருந்தேன். அதிகாரி டைப்பிஸ்ட்டின் பெயரை எழுதி அனுப்பிவிட்டார்.

அந்தப் பெண் வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கணவர் எங்கள் துறையில் வேலை பார்த்து இறந்துபோனதால் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. எட்டயபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவார். பிறந்த வீட்டில் எல்லோரும் ஆடு வளர்க்கிறவர்கள். எனக்குத் தாங்கவில்லை. அதிகாரியிடமே போய்க் கேட்டேன்.

"கம்ப்யூட்டர் வந்த அன்னைக்கு, எனக்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்தது நீருதானவே?" என்றார்.

உண்மைதான். கண் சரியில்லை என்று சாக்குச் சொல்லி நானே எழுதிக் கொடுத்திருந்தேன். அதை அவர் ஞாபகம் வைத்திருந்ததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், இணைய வசதி இருந்த கம்ப்யூட்டர் என் நூலகத்தில்தான் இருந்தது. புதன்கிழமை காலை அந்தப் பெண் என் எதிரே உட்கார்ந்து, சென்னையிலிருந்து ஒரு அம்மா பேசுவதை ஸ்பீக்கரில் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். நான் அலமாரியில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டே காதைக் கொடுப்பேன். தேடும் சொல்லை எப்படிச் சுருக்குவது, எப்படி விரிப்பது என்று அந்த அம்மா சொன்னதெல்லாம் நான் வருஷக்கணக்காக நூலகப் பட்டியல் அட்டைகளை வைத்துச் செய்த வேலை. ஒருநாள் அந்தப் பெண் சரியான பதில் சொல்லி, "கோவில்பட்டி, வெரி குட்" என்று ஸ்பீக்கரில் கேட்டது. அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசிப் புதன்கிழமை பரீட்சை மாதிரி. ஒவ்வொருவரும் தங்கள் ஊர்க் கேள்வி ஒன்றுக்கு டேட்டாபேஸில் பதில் தேடிக் காட்ட வேண்டும். காட்டினால்தான் சான்றிதழ். சான்றிதழ் வந்தால் விவசாயிகளின் கேள்விகளைக் கவனிக்கும் புதுப் பிரிவை அந்தப் பெண்ணிடம் கொடுப்பதாக அதிகாரி சொல்லியிருந்தார். அது என் நூலகத்திலேயே வரப்போகும் பிரிவு.

அந்தப் பெண் கொண்டுவந்த கேள்வி, அவருடைய அண்ணன் வீட்டுக் கேள்வி. அறுவடை முடிந்த கட்டையில் மழைக்குப் பிறகு துளிர்த்த சோளத்தைத் தின்று அந்த மாதம் ஆறு ஆடுகள் செத்திருந்தன. துளிர்ச் சோளம் ஆகாது என்று தெரியும், ஆனால் வேறு தீவனம் இல்லாதபோது அதை எப்படிக் கொடுத்தால் ஆபத்தில்லை என்பது தெரியவில்லை. அதைத்தான் தேடினார். திரையில் ஒரு கட்டுரையின் தலைப்பு வந்தது. "கோவில்பட்டி, உங்கள் முறை" என்று சென்னையிலிருந்து குரல் வந்தது.

எங்கள் அறையில் போனும் இணையமும் ஒரே லைன். போனை எடுத்தால் இணையம் அறுந்துவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். என் கை போய் ரிசீவரைத் தூக்கியது. யாருக்கும் பேச வேண்டியிருக்கவில்லை. சும்மா காதில் வைத்துவிட்டுக் கீழே வைத்தேன்.

ஸ்பீக்கர் அடங்கிவிட்டது. திரும்ப இணைப்பு வருவதற்குள் பயிற்சி முடிந்திருந்தது. திரையையே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் என்னைக் கவனிக்கவே இல்லை.

"நான்தான் எதையோ தெரியாம அமுக்கிட்டேன் போல அண்ணாச்சி. மிஷினு கெட்டுப் போயிருக்குமோ? பெரிய சார் ஏசுவாவளே" என்றார். முகம் வெளிறிப் போயிருந்தது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று பெரிய மனுஷன்போல ஆறுதல் வேறு சொன்னேன்.

மறுநாள் காலை ஒரு தாளோடு என் மேஜைக்கு வந்தார். லைன் போவதற்கு முன் அந்தக் கட்டுரையின் தலைப்பையும், இதழின் பெயரையும் வருஷத்தையும் எழுதி வைத்திருந்தார். "இது நம்ம கிட்ட பொஸ்தகமா இருக்கா அண்ணாச்சி? ஒங்களுக்குத்தான் தெரியும்."

இருந்தது. நானே பைண்டு செய்ய அனுப்பிய தொகுதி. அஞ்சு நிமிஷத்தில் எடுத்து, படித்துத் தமிழில் சொன்னேன். பச்சையாக மேயவிடாமல், அறுத்து நன்றாகக் காயவைத்துப் போட்டால் விஷம் குறையும் என்று இருந்தது. அவர் அதை எழுதிக்கொண்டு நேரே அதிகாரியிடம் போய், "அண்ணாச்சிதான் கண்டுபிடிச்சிக் குடுத்தாவ" என்று சொல்லிவிட்டார். அதிகாரி என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். இந்தப் பாராட்டுக்குத்தானே ஏங்கினேன்? அங்கே நிற்க முடியவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை வரைதான் தாக்குப்பிடிக்க முடிந்தது. முதலில் அதிகாரியிடம் சொன்னேன். அவர், அந்தப் பெண்ணுக்கு மறுவாய்ப்பு கேட்டுச் சென்னைக்கு நானே கடிதம் எழுத வேண்டும், காரணத்தையும் அதில் எழுத வேண்டும் என்றார். எழுதினேன். பிறகு அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். அழுவார், ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளை டைப்ரைட்டரில் செருகினார். என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"ஒரு வார்த்த கேட்டிருந்தா பக்கத்துல ஒரு சேர் போட்டிருப்பேன்லா."

அடுத்த பயிற்சியில் தேறி அவர் சான்றிதழ் வாங்கினார். புதுப் பிரிவும் அவருக்கே வந்தது. என்னிடம் தேவையானதை மட்டும் பேசுவார். பழைய மாதிரி அண்ணாச்சி என்று வாய் நிறையக் கூப்பிட ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அவரிடமே டேட்டாபேஸில் தேடக் கற்றுக்கொண்டேன். அப்போதும் அவர் விரல்கள் வேகமாகப் போவதைப் பார்க்கையில் உள்ளே லேசாக எரியத்தான் செய்தது.

ஓய்வு பெற்றுவிட்டேன். பொறாமை என்னைவிட்டு முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொருவருக்குக் கிடைத்ததைப் பார்த்து மனசு புழுங்கும்போதெல்லாம், அவரிடமே போய் "எனக்கும் சொல்லித் தாருங்கள்" என்று கேட்டுவிடுகிறேன். கேட்பதில் வருகிற வெட்கம், அந்தத் திங்கட்கிழமை நான் பட்ட வெட்கத்தில் கால்வாசிகூட இருப்பதில்லை.