யாரு சாடை?

பச்சைத் துணி போர்த்திய எவர்சில்வர் தட்டு. அதை ஏந்திக்கொண்டு நர்ஸம்மா ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கு வந்து, "எரியோட்டம்மா கூட வந்தவங்க யாரு?" என்றார். நான்தான் எழுந்து போனேன். துணியை விலக்கினார். தேங்காய் அளவில், வழவழவென்று, நீல நரம்போடிய கட்டி. பரிசோதனைக்கு அனுப்பும்முன் வீட்டாருக்குக் காட்டுவது தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் வழக்கமாக இருந்தது.

உள்ளே படுத்திருந்த அத்தை என் அப்பாவின் அக்கா. எரியோட்டில் பூந்தோட்டம் வைத்திருந்தாள். இளவயதில் எத்தனையோ முறை உண்டாகியும் ஒன்றும் தங்கவில்லை. மாதவிலக்கு நின்று வருஷங்கள் கழித்து வயிறு மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. நாலு கவளத்திலேயே பசி அடங்கிவிடும். வாயுத் தொல்லை என்று மாமா கஷாயம் காய்ச்சினார். நான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போன பிறகுதான் சினைப்பைப் புற்று என்று தெரிந்தது. டாக்டரம்மா ஒளிக்கவில்லை. வயிற்றை நெடுகக் கீறி, சினைப்பை, கர்ப்பப்பை, குடலை மூடிய கொழுப்புத் திரை எல்லாம் எடுக்கவேண்டும், எவ்வளவு பரவியிருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும் என்றார். மூக்கில் குழாய் இருக்கும், உடனே தண்ணீர் கிடையாது, வலித்தாலும் சீக்கிரம் எழுந்து நடக்கவேண்டும். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிழைப்பாளா என்ற பயம் எங்களுக்குத்தான்.

மயக்கம் தெளிந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"பாத்தியா தாயி? யாரு சாடை?"

மருந்து பேசுகிறது என்று நினைத்தேன்.

"கேன்சருன்னு எனக்குத் தெரியும்டி. இருந்தாலும் என் வயித்துல தங்குனது அது ஒன்னுதான?"

வெறும் கட்டி என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். "உங்க சாடைதான் அத்த" என்று வந்தது. சிரித்தபடி கண்ணை மூடினாள்.

பிறகு மருந்தேற்றினார்கள். முடியெல்லாம் கொட்டி, மெல்லத் தேறினாள். "திரும்ப வரலாம், செக்கப்புக்கு வந்துக்கிட்டே இருங்க" என்றார் டாக்டரம்மா. அந்தச் சொல்லை அத்தை மட்டும் வேறு மாதிரி கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் பின்கதவைத் தாழிட விடமாட்டாள். மாமா தாழிட்டால் சத்தமில்லாமல் போய்த் திறந்துவிட்டு வருவாள்.

சில வருஷத்தில் அது வந்தது. இன்னொரு தடவை ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார்கள். அத்தை வயிற்றின் மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஒன்னத்தான் குடுத்துட்டேன்ல. இது எங்கூடவே இருக்கட்டும்."

அழுதேன், கெஞ்சினேன். அசையவில்லை. அதோடுதான் போனாள்.

அப்புறம் சில வருஷம் கழித்து, அதே வாசலில் தம்பி மனைவியின் சிசேரியனுக்காகக் காத்திருந்தோம். நர்ஸ் பச்சைத் துணியில் சுற்றி எதையோ ஏந்தி வந்தார். பிள்ளைதான் என்று தெரிந்தும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். துணியை விலக்கியிருப்பார்கள். யாரு சாடை, யாரு சாடை என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

கண்ணைத் திறந்தேன். துணிக்குள்ளிருந்து அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யாரிடமும் சொல்லவில்லை.