கடைசிக் காம்பராவின் சாட்சி

எங்கள் சபையில் சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்து பாஸ்டர் பிரசங்கத்துக்கு எழும்புவதற்கு முன்னால், யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து, தான் எந்த இருட்டில் கிடந்தேன், எப்படி வெளிச்சத்துக்கு வந்தேன் என்று சொல்ல வேண்டும். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயத்தின் இரண்டு காம்பரா அறைகளை உடைத்து ஒன்றாக்கிய சின்ன ஹோல்தான் எங்கள் ஆலயம். நாற்பது பேர் உட்கார்ந்தால் மூச்சு முட்டும். அந்த இடத்துக்கு மைக் எதற்கு என்று கேட்கக் கூடாது. மைக் இல்லாமல் சொன்னால் அது சாட்சி இல்லை, வெறும் பேச்சு.

எனக்கு இருந்த குறை என்னவென்றால், எனக்கு இருட்டே கிடையாது. என் அப்பாவுக்கு அப்பா காலத்திலேயே குடும்பம் வேதத்துக்கு வந்துவிட்டது. பிறந்த நாளிலிருந்து ஜெபம், பாட்டு, ஞாயிறு பள்ளி. குடித்ததில்லை, குறி கேட்கப் போனதில்லை, யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. நான் பார்த்த பெரிய இருட்டு கரண்ட் கட்தான். வேலையாவது கொஞ்சம் பாவமான வேலையாக இருந்திருக்கலாம். அதுவும் இல்லை. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் இருபது வருஷமாகப் பிள்ளை பார்க்கிறேன். அங்கே நடக்கும் அக்கிரமமெல்லாம் பால்மாவைச் சுவரில் அப்புவதோடு சரி.

மற்றவர்களுக்கோ அள்ள அள்ளக் குறையாத இருட்டு. முன்வரிசையில் உட்காரும் பெரியவர் ஒருகாலத்தில் உடுக்கடித்துக் குறி சொன்ன கோடாங்கி. அவர் எழும்பினால் பேய் எந்தப் பக்கமாக வந்தது, என்ன கேட்டது, எப்படி ஓடியது என்று ஒன்று விடாமல் சொல்வார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார்கள். அதற்குப் பிறகு நான் எழும்பி, "இந்த வாரமும் ஆண்டவர் சுகமா நடத்துனாரு, ஸ்தோத்திரம்" என்றால் யார் கேட்பது? பாஸ்டரே மெதுவாகக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அந்தப் பெரியவர் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அடுத்தவர் செய்த பாவத்துக்குப் பொறாமைப்பட்ட கிறிஸ்தவள் பதுளைப் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன வருஷம் பதுளையில் பெரிய கூட்டம் ஒன்று வைத்தார்கள். சபைக்கு ஒருவர் மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும். யார் போகிறீர்கள் என்று பாஸ்டர் கேட்டபோது, நான் யோசிக்கும் முன்னால் என் கை மேலே போய்விட்டது.

"சிஸ்டருக்கு என்ன சாட்சி?" என்று அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"இருக்குங்க ஐயா. இவ்வளவு நாளா வெளிய சொல்லல."

சொல்லிவிட்டேன். இனி இருட்டைத் தேட வேண்டும். வீட்டுக்கு வந்து தேடியதில் இரண்டு சாமான் அகப்பட்டது. ஒன்று, மூன்று வருஷமாக என்னைப் படுத்திய தலைவலி. அது எப்படிப் போனதென்றால், பதுளையில் கண்ணைக் காட்டிக் கண்ணாடி வாங்கிப் போட்டதும் போனது. இரண்டாவது, ஒரு எலுமிச்சம்பழம். பக்கத்து வீட்டுக்காரியின் மகன் புதுசாக ஆட்டோ எடுத்து, பூசை போட்டு, மூன்று சக்கரத்துக்கும் மூன்று பழம் வைத்தான். இரண்டு நசுங்கியது. மூன்றாவது சக்கரத்துக்குத் தப்பி உருண்டு என் வாசலில் வந்து நின்றது. நான்தான் எடுத்தேன். கழுவி, சீனி போட்டுக் கரைத்துக் குடித்தேன். நல்ல சாறுள்ள பழம்.

இந்தக் கண்ணாடியையும் ஆட்டோவையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் என்ன? மூன்று வருஷத் தலைவலி, வாசலில் ஒரு எலுமிச்சம்பழம், பிறகு சுகம். பிரமாதமான சாட்சி.

வீட்டுக்காரர் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். அதனால் சாயங்காலம் அடுப்படியில் நின்று தாராளமாக, சத்தமாகவே சொல்லிப் பழகினேன். எட்டு நாள் பழகினேன். எங்கே நிறுத்துவது, எங்கே குரலை இறக்குவது எல்லாம் பார்த்துவைத்தேன். நாலாம் நாள் அழுகையும் தானாக வந்தது. அதையும் சேர்த்துக்கொண்டேன்.

லயத்து வீடு எப்படி என்றால், இரண்டு காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே கையகலத்துக்கு மேல் திறந்து கிடக்கும். என் வீட்டு பல்ப் போனால் பக்கத்து வீட்டு வெளிச்சத்தில் சோறு சாப்பிட்டுவிடலாம். பக்கத்து வீட்டுக்காரி கொழுந்து பறிக்கிறவள், புருஷன் இல்லை, வாய் மட்டும் உண்டு. நான் சத்தமாக ஜெபம் பண்ணினால் அந்தப் பக்கத்திலிருந்து, "அக்கா, உங்க சாமிக்குக் காது நல்லாத்தான் கேக்கும், கொஞ்சம் மெதுவா" என்பாள். அவள் வீட்டு ரசம் சுவரைச் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வரும், என் வீட்டுக் கேக் கிறிஸ்துமஸுக்கு அங்கே போகும்.

மேடையில் நான் சொன்னதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. பக்கத்து வீட்டில் செய்வினை வைத்தார்கள் என்றேன். மந்திரித்த பழம் வாசலில் கிடந்தது, மூன்று வருஷம் துடித்தேன், ஜெபத்தால் விடுதலை என்றேன். மூக்கில் கண்ணாடியோடு நின்றுதான் அத்தனையும் சொன்னேன். கைதட்டல் ஓயவில்லை. கோடாங்கிப் பெரியவர் தேடி வந்து கை கொடுத்தார். தொழில் தெரிந்தவரே நம்பிவிட்டார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வாரம் கால் தரையில் படாமல் நடந்தேன்.

பிறகு ரசம் வருவது நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோவும் நின்றது. அதையெல்லாம் நான் பெரிசாக எடுக்கவில்லை. ஒருநாள் காலையில் பிள்ளையை விட வந்த ஒருத்தி சொன்னாள்: "உங்க பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு லுணுகலையில பேசின சம்பந்தம் நின்னு போகும் போலங்க. மாப்பிள்ளை வீட்டு ஆளுக யாரோ பதுளைக் கூட்டத்துக்கு வந்திருக்காங்க. செய்வினை வைக்கிற வீட்டுல பொண்ணு எடுக்கணுமான்னு யோசிக்கிறாங்களாம்."

"நான் யாரு பேரையும் சொல்லலையே" என்றேன்.

"உங்களுக்கு எத்தனை பக்கத்து வீடுங்க?" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. லயத்தில் நடுவில் இருக்கிறவர்களுக்குத்தான் இரண்டு பக்கத்து வீடு. நான் இருப்பது கடைசிக் காம்பரா. எனக்கு ஒரு பக்கம் அவள். மறுபக்கம் மழைத்தண்ணி ஓடும் கானும் கொய்யா மரமும். கொய்யா மரம் செய்வினை வைக்காது.

முதலில் கோபம்தான் வந்தது. என் மேல் இல்லை, லுணுகலைக்காரர்கள் மேல். இந்தக் காலத்தில் செய்வினையை நம்புகிறார்களே, இதுகள் எல்லாம் எப்போது திருந்துவது என்று பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக்கொண்டே திட்டினேன். பாதித் திட்டில் எனக்கே சிரிப்பு வந்தது, பிறகு அந்தச் சிரிப்பும் நின்றது.

பாஸ்டரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். நல்ல மனுஷன், யாரையும் நோகடிக்கத் தெரியாது. "தனியா முழங்கால் போட்டு ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க சிஸ்டர். அது போதும். உங்க சாட்சியால எத்தனை பேர் பலப்பட்டிருக்காங்க, அதைக் கெடுப்பானேன்?" என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. நிம்மதியாகத் திரும்பி நடந்தேன். அந்த நிம்மதி பீலி வரைக்கும்தான் வந்தது.

பீலியில் அந்தப் பொண்ணு தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றாள். பதுளையில் புடவைக் கடையில் வேலை செய்கிறவள். நான் சோறூட்டி, மூக்குத் துடைத்து வளர்த்த பிள்ளை. அழுது கண் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் பாதி நிறைந்த தன் வாளியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "நீங்க பிடிங்க ஆன்ட்டி" என்றாள். எப்போதும் அப்படித்தான் செய்வாள். நான் தேடித் தேடிக் கிடைக்காத இருட்டு இதுதான் என்று அங்கே நின்று விளங்கிக்கொண்டேன். வெளிச்சத்துக்கு வந்த கதை சொல்லப்போய் முதல்முறையாக உள்ளே விழுந்திருக்கிறேன். தனியாக முழங்கால் போட்டால் எனக்கு ஆறும். இவளுக்கு என்ன ஆகும்? எல்லோர் கண் முன்னாலும் சொன்ன பொய்யை யாரும் பார்க்காத இடத்தில் கழுவினால் அது இன்னும் கொஞ்சம் இருட்டு, அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு நான் மைக்கைப் பிடித்தேன். பாஸ்டர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். "பதுளையில நான் சொன்னது பொய்" என்றேன். "தலைவலி கண்ணாடி போட்டுப் போச்சு. பக்கத்து வீட்டுல யாரும் எனக்கு ஒண்ணும் செய்யல. அது ஆட்டோவுக்கு வச்ச பழம். நான் அதைக் கரைச்சுக் குடிச்சிட்டேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஹோல் முழுக்கச் சிரிப்பு. கோடாங்கிப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

நேரே பக்கத்து வீட்டுக்குப் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"உங்க மைக் லுணுகலைக்குக் கேக்குமா?" என்றாள்.

"கேக்காது."

"அப்ப நாளைக்கு லீவு போடுங்க."

மறுநாள் இரண்டு பேரும் பதுளைக்கு வந்து லுணுகலை பஸ் ஏறினோம். மாப்பிள்ளையின் அம்மா கண்டிப்பான ஆள், எங்களுக்கு நாற்காலி போட்டாள், சிரிக்கவில்லை. நான் எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன்.

"எதுக்குப் பொய் சொன்னீங்க?" என்றாள்.

"சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லைங்க. அதான்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "மூணு வருஷத் தலைவலி கண்ணாடியிலயா போச்சு?"

"ஆமாங்க."

"எனக்கும் ரெண்டு வருஷமா இருக்கு. பதுளையில எந்த இடத்துல காட்டுனீங்க?"

இடத்தைச் சொன்னேன். எழுதிக் கொடுக்கவும் சொன்னாள். பிறகு உள்ளே பார்த்துத் தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம், "கல்யாணத்தைத் தையில வச்சுக்குவோம்ங்க" என்றாள். என்னையும் அழைத்தாள். பந்தியில் எலுமிச்சம்பழ ஜூஸ் கிடையாது என்றும் சொன்னாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பசறை தாண்டிய பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரி வாயைத் திறந்தாள்.

"நீங்க பழகுனதெல்லாம் நான் கேட்டேன்க்கா."

"எதை?"

"பதுளையில சொல்லப் போனதை. எட்டு நாளும்."

அந்தச் சுவரை எப்படி மறந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "ஒரு தட்டுத் தட்டியிருக்கலாமே. நான் அங்கேயே நிறுத்தியிருப்பேனே" என்றேன்.

"தட்டத்தான் கை போச்சு. நம்ம அக்காதானே, நாளைக்கு மாத்திடுவாங்கன்னு விட்டேன். மறுநாளும் அப்படித்தான் நெனச்சேன். நாலாம் நாள் அழுகையைச் சேர்த்தீங்க பாருங்க, அப்பவும் நம்பிக்கையை விடல. மேடையில ஏறுனா சாமி பயம் வந்துரும், மாத்திடுவாங்கன்னு பொண்ணுகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நேத்து சபையில சொன்னதை மட்டும் நீங்க பழகவே இல்ல" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ரசம் வந்தது. சாப்பிட்டு முடித்து மெதுவாகத்தான் ஜெபம் பண்ணினேன். நான் வெளிச்சத்துக்கு வருவேன் என்று எட்டு நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி காத்திருந்திருக்கிறாள். அப்படிக் காத்திருக்கிற வேலையை ஆண்டவர் மட்டும்தான் செய்வார் என்று நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.