மேட்டூர் நிறைந்தால் எரிந்த விளக்கு

நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது ரெங்கம்மாளின் வீடு போனது. கொல்லையில் புதைத்திருந்த சின்ன மகள் மலர்கொடியும் அந்த மண்ணோடு போனாள். புதைத்த பிள்ளையைத் தோண்டி எடுத்துவர யாருக்கு மனசு வரும்? ரெங்கம்மாள் சட்டிபானையோடு உடையார்பாளையம் வந்து, முந்திரிக்காட்டில் கூலிவேலை பார்த்தாள்.

எண்பதுகளில் அவள் குடிசைக்கும் ஒரு பல்பு வந்தது. "இந்தக் கரண்டு எங்கேருந்து வருது?" என்று லைன்மேன் அய்யம்பெருமாளைக் கேட்டாள்.

"நெய்வேலியிலேருந்துதாங்க. மண்ணைத் தோண்டி, கரியை எரிச்சு எடுக்கறாங்க."

சட்டென்று சுவிட்சை அணைத்தாள். "எம்புள்ளைய எரிச்சு எனக்கு வெளிச்சம் வேணாம். கழட்டிட்டுப் போ!"

அவர் பதறிப்போய், மேட்டூர் அணை நிறைந்தால் தண்ணீரிலும் கரண்டு எடுப்பார்கள் என்று சமாதானம் சொன்னார். அதையே அவள் பிடித்துக்கொண்டாள். ஆடி பிறந்தால் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களிடமெல்லாம் மேட்டூரைப் பற்றி விசாரிப்பாள். அணை நிறைந்தது என்று யாராவது சொன்னால்தான் பல்பு எரியும். மற்ற நாளெல்லாம் சிம்னி விளக்குதான். ஊர் சிரித்தது. சிரிக்கிறவர்களுக்கு என்ன, சிரிப்பார்கள்.

சில வருஷம் கழித்துப் புது லைன்மேன் வந்தான். "இப்ப வர்றது தண்ணிக் கரண்டுதானே தம்பி?" என்று கேட்டாள்.

"தண்ணிக் கரண்டு, நெய்வேலிக் கரண்டு ரெண்டும் ஒரே கம்பியில கலந்துதாம்மா வருது. எப்பவுமே அப்படித்தான். பிரிக்க முடியாது."

அவள் எரிகிற பல்பையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு மருதாயி எட்டிப் பார்த்தாள். "பொழுது விடிஞ்சிருச்சே, லைட்டை அணைக்கலயாக்கா?"

"இனிமே அணைக்க மாட்டேன். எம்புள்ளைக்கு இருட்டுன்னா பயம்" என்றாள் ரெங்கம்மாள்.