நீலத் துணியில் சித்தி

என் சித்தியின் முழு உருவமும் என்னிடம் இருக்கிறது, தலையைத் தவிர. பழைய படுக்கை விரிப்பு ஒன்றில், கரும் நீலத்துக்கு நடுவே வெள்ளையாகப் படுத்திருக்கிறாள். விரித்த விரல்கள் தெரிகின்றன, சுடிதாரின் ஓரம் தெரிகிறது, ஒரு காலின் கொலுசுகூடத் தெரிகிறது. கழுத்துக்கு மேலே மட்டும் ஒரே கலங்கல். வாட்ஸ்அப்பில் பேசும்போது முகம் மட்டும் வரும். இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் இத்தனை வருடமாகச் சமாளிக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. அம்மாவின் தங்கையான சித்தி, சிங்கப்பூரில், பொங்கோலில் இருந்த எங்கள் வீட்டில் தங்கி ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை பார்த்தாள். வேலை பாஸை இனிப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தூத்துக்குடியில் மாப்பிள்ளையும் பார்த்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இரவு விமானம். அவள் போகக் கூடாது என்று நான் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். ராத்திரிக்குப் பிரியாணி என்பதால் போராட்டம் நீடிக்கவில்லை.

போவதுதான் போகிறாள், அவளை அளவு குறையாமல் எடுத்து வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். அதற்கு வழியும் கையில் இருந்தது. பள்ளி விடுமுறைக்கு முன் எங்கள் ஆர்ட் டீச்சர், சயனோடைப் செய்து பார்க்கச் சொல்லி ஆளுக்கு இரண்டு பொட்டலம் பொடி தந்திருந்தார். இரண்டையும் தண்ணீரில் கரைத்துக் கலந்து, இருட்டில் துணிமேல் பூசிக் காயவைத்து, மேலே எதையாவது வைத்து வெயிலில் போட வேண்டும். வெயில் பட்ட இடம் நீலமாகும், மறைந்த இடம் வெள்ளையாக நிற்கும். கேமரா வேண்டாம். இருநூறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவான காலத்துக்கு முன், நட்சத்திரங்களை ஆராய்ந்த ஓர் ஆங்கிலேயர் கண்டுபிடித்ததாம். அவருக்குத் தெரிந்த ஒரு பெண்மணி கடற்பாசிகளை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் வைத்துப் புத்தகமே செய்தாராம்.

கப்பல் பட்டறையில் வேலை பார்த்த அப்பா இதைக் கேட்டுவிட்டு, ப்ளூபிரிண்ட் என்கிறோமே அது இதுதான், அந்தக் காலத்தில் கப்பல் வரைபடங்களை இப்படித்தான் நகல் எடுத்தார்கள் என்றார். அம்மாவோ பொட்டலத்தின் மேல் சயனைடு என்று முடிகிற பெயரைப் படித்துவிட்டு வீட்டையே இரண்டாக்கினாள். இது அந்த விஷம் இல்லை என்று அப்பா விளக்கி, கையுறை போடுவதாக நான் சத்தியம் செய்த பிறகுதான் அனுமதி கிடைத்தது. குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்வதற்காக வீவக அடுக்குமாடி வீட்டுக்குள் அரசாங்கமே கட்டிக்கொடுத்த, ஜன்னலில்லாத பாம் ஷெல்டரில், அரிசி மூட்டைக்கும் சூட்கேசுகளுக்கும் நடுவே துணியைப் பூசிக் காயவைத்தேன்.

எங்கே படுப்பது என்று கேட்டதும் சித்தியே இடம் சொன்னாள்.

"கார்பார்க் மேல் மாடிக்குப் போலாம். சனிக்கிழமை பதினோரு மணி. வெயில் நல்லா இருக்கும்."

எனக்காக எவ்வளவு யோசித்திருக்கிறாள் என்று நெஞ்சு நிறைந்துவிட்டது.

துணியைக் கறுப்புக் குப்பைப் பையில் சுருட்டிக்கொண்டு போனோம். சித்தி தேவாலயத்துக்குப் போடுகிற நல்ல சுடிதாரைப் போட்டிருந்தாள். துணிமேல் மல்லாந்து படுத்ததும் போனை என் கையில் கொடுத்தாள்.

"மெசேஜ் வந்தா சொல்லு. லிஃப்ட் பக்கம் யாராச்சும் வந்தாலும் சொல்லு."

"யாரு சித்தி?"

"யாராச்சும்டி."

லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் தலையைத் தூக்கினாள். "ஆடாதீங்க சித்தி, தலைக்குக் கீழ வெயில் போயிடும்" என்று கத்தினேன். கார் எடுக்க வந்த சீன அங்கிள் ஒருவர் பதறிப்போய், "ஷீ ஓகே ஆ?" என்று கேட்டார். "ஸ்கூல் ப்ராஜெக்ட், அங்கிள்" என்றேன். பிறகு போன் அதிர்ந்தது. சித்தி மறுபடி தலையைத் தூக்கினாள்.

"அம்மாதான். தேங்காய்ப்பால் வாங்கிட்டு வரணுமாம்."

துணியில் பூசியிருந்த பச்சை நீலமாகி, நீலமும் சாம்பல் பூத்துவிட்டது. போதும் என்றேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்லா. நல்லா ஏறட்டும்."

வியர்வை காதுக்குள் வழிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. மேகம் வந்து வெயிலை மூடிய பிறகுதான் எழுந்தாள்.

எங்கள் தேவாலயத்தின் தமிழ்ப் பூசையில் கீபோர்டு வாசிக்கிற அண்ணன் ஒருவர் இருந்தார். பூசை முடிந்ததும் எனக்கு உருளைக்கிழங்கு வைத்த கறிபாப் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, பாடகர் குழுவில் இருந்த சித்தியிடம் அடுத்த வாரப் பாட்டைப் பற்றிப் பேசுவார். பாட்டு சின்னது, பேச்சு நீளம். அவரைத்தான் சித்தி அன்றைக்கு வரச் சொல்லியிருந்தாளாம். அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் தூத்துக்குடிக் கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக இருந்தாளாம். நான் பதினேழு வயதில் தொடக்கக் கல்லூரிக்குப் போன பிறகு அம்மா சொல்லித்தான் இதெல்லாம் தெரியும். அவர் ஏன் வரவில்லை என்று அம்மாவுக்கும் தெரியாது.

அன்றைக்கு எனக்கு இருந்த கவலை துணி ஒன்றுதான். குளியலறையில் அலச அலச மஞ்சள் தண்ணீர் வடிந்து, நீலம் ஏறிக்கொண்டே வந்தது. கை வந்தது, கொலுசு வந்தது. தலை வரவில்லை.

"தலையே இல்ல சித்தி! ஆடாதீங்கன்னு சொன்னேன்ல!"

சித்தி அந்தக் கலங்கலையே பார்த்தாள். பிறகு ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெரியவர்கள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. படம் கெட்டதற்கு என்னைவிட அதிகமாக வருத்தப்படுகிறாளே என்று என் கோபமெல்லாம் போய்விட்டது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"அழாதீங்க சித்தி. இன்னும் கொஞ்சம் பொடி இருக்கு. நாளைக்குப் பூசை முடிஞ்சு வந்து மறுபடி படுங்க. தலையை மட்டும் தூக்காதீங்க. யாரு வந்தாலும் நான் பாத்துச் சொல்றேன்."

"இனிமே யாரும் வர மாட்டாங்கடி" என்றாள்.

"அப்போ நல்லதாப் போச்சு சித்தி" என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன். "ஆடாம படுத்திருக்கலாம்."