அப்படி ஒரு பதிவு இல்லை

நேடா புரூபேக்கருக்கு வயது ஐம்பத்தெட்டு. அதில் இருபத்தாறு வருடம் டெல்பர்ன் மாவட்ட நீதிமன்றத்தின் பதிவறை ஜன்னலுக்குப் பின்னால் கழிந்தது. யார் வந்து எவருடைய வழக்குக் காகிதத்தைக் கேட்டாலும் தேடி எடுத்து, நகல் போட்டு, முத்திரை குத்திக் கொடுப்பது அவள் வேலை. கேட்கிறவன் எதற்குக் கேட்கிறான் என்று விசாரிக்கக் கூடாது. ஒஹையோவில் அதுதான் வழக்கம்.

அவள் பிறந்த பிரெத்ரன் சபையில் சத்தியம் செய்ய மாட்டார்கள். சத்தியம் செய்தால்தான் உண்மை என்றால் மற்ற நேரத்தில் பேசுவதெல்லாம் என்ன என்று கேட்கிற ஆட்கள். வேலையில் சேர்ந்த அன்றும் அவள் பைபிளில் கை வைக்கவில்லை. உறுதி கூறுகிறேன் என்று மட்டும் சொன்னாள். சபை விருந்துக்குக் கோழி நூடுல்ஸ் செய்துகொண்டு போவாள். உப்பு கூடிவிட்டால் கதவுப் பக்கமே நின்று, வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிடுவாள். கேட்டுவிட்டும் சாப்பிடுவார்கள், அது வேறு விஷயம்.

இந்த வேலையில் அவளுக்கு ஒரே ஒரு முள். எப்போதோ செய்த குற்றத்துக்குத் தண்டனையை முடித்துவிட்டு, பல வருடம் ஒழுங்காக இருந்தவர் மனுப் போட்டால், நீதிபதி அந்தப் பதிவை மூடி முத்திரை வைக்கச் சொல்வார். கோப்பு கீழ்த்தளத்தில் இருக்கும் சாம்பல் நிற அலமாரிக்குள் போய்விடும். அதன் பிறகு வெளியாள் எவர் கேட்டாலும் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்: அப்படி ஒரு பதிவு இல்லை. தர முடியாது என்று சொல்லிவிடக் கூடாது. தர முடியாது என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதானே ஆகும்.

அந்த ஒரு வரி நேடாவுக்கு வராது. கீழே கோப்பு இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு இல்லை என்று எப்படி எழுதுவது? அதனால் மூடிய பதிவைக் கேட்டு வரும் மனுக்களைப் பக்கத்து மேசை ஆரினிடம் தள்ளிவிடுவாள்.

"குடு, குடு. நரகத்துக்கு இந்த ஆபீஸ்லேருந்து ஒருத்தன் போனா போதும்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போடுவான்.

அந்த மார்ச் மாதம் ஆரின் ஓய்வு பெற்று, படகைக் கட்டி இழுத்துக்கொண்டு ஃபுளோரிடாவுக்குப் போனான். ஏப்ரலில் மெர்ல் ஸ்டோல்ட்ஸின் மனு வந்தது.

மெர்லுக்கு ஊரில் பதினொரு வாடகை வீடுகள். குடி வருகிறவன் பெயரைப் பதிவறையில் கேட்காமல் சாவி கொடுக்க மாட்டான். இந்த முறை கேட்ட பெயர் டென்னி ரக்கிள். எரிவாயு உருளை வண்டி ஓட்டுகிறவன். பத்தொன்பது வயதில் இரண்டு பேரோடு சேர்ந்து தீவனக் கடைப் பூட்டை உடைத்திருக்கிறான். அது நடந்து இருபத்தொரு வருடம். கோப்பு சாம்பல் அலமாரியில்.

மேலாளர் கெய்ல் பிரூயிட் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக விடுப்பில் இருந்தாள். மனு மூன்று நாள் நேடாவின் மேசையிலேயே கிடந்தது. நான்காம் நாள் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள்: தாங்கள் கேட்ட பதிவைச் சட்டப்படி வெளியிட இயலாது.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. உறையை ஒட்டித் தபாலில் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் டென்னி ஜன்னலுக்கு வந்தான். வேலைச் சட்டையோடு வந்திருந்தான். கையில் அந்தக் கடிதம்.

"இது நீங்க எழுதினதா, மேடம்?"

"ஆமா."

"மெர்ல் வீட்டை வேற ஆளுக்குக் குடுத்துட்டார். 'ஒண்ணும் இல்லாதவனுக்கு ஒண்ணும் இல்லேன்னுதான் எழுதுவாங்க. உனக்குச் சட்டம்னு எழுதியிருக்கு. நீ என்னத்தப் பண்ணினியோ'ன்னார்."

நேடா கடிதத்தில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

"எம்பொண்ணுக்கு ஒம்பது வயசு, அவங்கம்மாகிட்ட இருக்கா. அவளுக்குத் தனி ரூம் இருந்தா ஜூன்லேருந்து எங்கூட இருக்கலாம்னு ஜட்ஜ் சொன்னார். இப்ப நான் படுக்கிறது அண்ணன் வீட்டு கார் ஷெட்டுக்கு மேல."

"நான் பொய் எழுதல, டென்னி."

"யாரு பொய்னு சொன்னா? அந்த ஒரு வரியை ஜட்ஜ் எனக்குக் குடுத்தார், மேடம். அதைக் கேட்டு வாங்க எனக்குப் பன்னண்டு வருஷம் ஆச்சு."

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள்.

கெய்ல் கைத்தடியோடு வேலைக்குத் திரும்பிய அன்று, நேடா தானே போய் நடந்ததைச் சொன்னாள்.

"கதவச் சாத்து" என்றாள் கெய்ல். "மூடின பதிவு இருக்குன்னு வெளிய காட்டினா குற்றம். தெரியும்ல?"

"தெரியும். எம்மேல குற்றம்னு எழுதுங்க."

"நான் எழுதணும்னா டென்னி புகார் குடுக்கணும். குடுத்தா அதுவும் இந்த ஆபீஸ் காகிதம். நாளைக்கு மெர்ல் வந்து அந்தப் புகாரைக் காட்டுன்னா, நீதான் நகல் போட்டுக் குடுப்ப. அதுல என்ன இருக்கும்? தீவனக் கடை இருக்கும்."

"மெர்லுக்கு வேற கடிதம் எழுதட்டுமா?"

"என்னன்னு? முன்ன சொன்னது தப்பு, ஒண்ணுமே இல்லேன்னா? சிரிப்பான். போய் வேலையப் பாரு, நேடா."

அன்று சாயங்காலம் நேடா எரிவாயுக் கிடங்குக்கே போனாள். புகார் கொடுக்க உனக்கு உரிமை உண்டு, கொடுத்தால் இப்படியும் ஆகும் என்று இரண்டையும் சொன்னாள்.

டென்னி உருளைகளை இறக்கிக்கொண்டே கேட்டான். "ஒரு ஆளுக்குத்தான் இப்பச் சந்தேகம். ஊருக்கே ஏன் படிச்சுக் காட்டணும்? விடுங்க, மேடம்."

ஜூன் வந்தது. அவனுக்கு வீடு கிடைக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் மீண்டும் ஜன்னலுக்கு வந்தான். பக்கத்து ஊரில் வீடு ஒன்று காலியாம். வீட்டுக்காரி பதிவறைத் தாள் கேட்கிறாளாம்.

"எம்பேரைப் போட்டுப் பாருங்க, மேடம்."

நேடா கணினியில் பெயரை அடித்தாள். கீழ்த்தள அலமாரியில் எந்தத் தட்டில் அது இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியும்.

"அப்படி ஒரு பதிவு இல்லை."

"எழுதிக் குடுங்க."

எழுதினாள். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினாள். அவன் அதை நின்று படித்தான்.

"பொண்ணு எப்ப வரா?" என்று கேட்டாள்.

"அவங்கம்மா இண்டியானாவுல ஸ்கூல்ல சேத்துட்டாங்க. ஜட்ஜும் சரின்னுட்டார். லீவுக்கு வருவா." தாளை மடித்தான். "ரூம் இருக்கட்டுமே."

அந்த ஞாயிறு சபை விருந்தில் நூடுல்ஸில் உப்பு கூடியிருந்தது. நேடா கதவுப் பக்கம் போகவில்லை. பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டுக் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.