தாழிக்குள் இருந்த பால் சங்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், புதுக்கடை ஊருக்குப் பக்கத்தில் மேட்டு நிலமாக இருந்த எங்கள் விளையில் என் கணவர் தென்னம்பிள்ளை வைக்கக் குழி தோண்டினார். இடுப்பளவு ஆழத்தில் மண்வெட்டி முதுமக்கள் தாழி ஒன்றில் பட்டது. அதன் வாயைப் பலகைக்கல் ஒன்று மூடியிருந்தது. உள்ளே சில எலும்புகள்; என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. கூடவே உள்ளங்கையில் அடங்கும் மண் கிண்ணம் ஒன்று. அதன் ஒரு பக்கம் மூக்குப் போல நீண்டிருந்தது.

பழைய காசும் பானையும் சேர்த்து வைக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் கேள்விப்பட்டு மறுநாளே வந்தார். கிண்ணத்தைத் துடைத்துப் பார்த்து, "விளக்கு" என்று நோட்டில் எழுதினார்.

என் மடியில் அப்போது மூன்று மாதப் பெண் குழந்தை. அவளுக்கு உறிஞ்சிக் குடிக்கப் பலமில்லை. என் பாலைப் பீய்ச்சி, பித்தளைச் சங்கில் ஊற்றி, கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத்தான் வளர்த்துக்கொண்டிருந்தேன்.

"வெளக்கில்லெ சாரே. பிள்ளைக்குப் பாலு குடுக்க சங்கு," என்றேன்.

"எப்படிச் சொல்லுதிய?"

"வெளக்குன்னா மூக்குல கரி இருக்கும். இதுல இல்லெ. நுனியெத் தொட்டுப் பாருங்க, பிள்ளைக்க வாயில குத்தாம இருக்க தாய்க்காரி நல்லா தேச்சு வச்சிருக்கா."

அவர் விரலால் தடவிப் பார்த்தார். எழுதியதை அடித்துவிட்டு, எல்லாவற்றையும் சாக்கில் கட்டித் தரச் சொன்னார்.

"ஒண்ணும் எடுக்காண்டாம்," என்றேன்.

"ஏட்டி, படிச்சவரு கேக்காரு," என்றார் என் கணவர்.

என் முதல் பிள்ளை எட்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டான். சவப்பெட்டியை மூடுமுன் அவனுடைய சங்கையும் உள்ளே வைக்கக் கேட்டேன். நம் கிறிஸ்தவ சபையில் அப்படி வழக்கமில்லை என்று, அடக்க ஜெபம் செய்ய வந்த உபதேசியார் மறுத்தார். என் கணவரும் பேசாமல் நின்றார். நானும் வாய் திறக்கவில்லை. அந்த நாளுக்காக என்னை நானே மன்னித்ததில்லை.

"இந்தப் பிள்ளைக்க தாயெ சங்கு வைக்க விட்டிருக்காவ. அதெ எடுக்க நமக்கு என்ன உரிமெ? நான் இங்கெருந்து எந்திக்க மாட்டேன்," என்று குழியின் விளிம்பில் குழந்தையோடு உட்கார்ந்தேன்.

என் கணவர் என் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு ஆசிரியரிடம், "எடுக்காண்டாம் சாரே," என்றார்.

ஆசிரியர் வற்புறுத்தவில்லை. சங்கை நோட்டில் படமாக வரைந்து, அளவெடுத்து, 'குழந்தைக்குப் பால் புகட்டியது' என்று அடியில் எழுதினார். நானே இறங்கி அதை எலும்புகளுக்குப் பக்கத்தில் திரும்ப வைத்தேன். என் கணவர் கல்லை மூடி, மண்ணைத் தள்ளி மிதித்தார். தென்னம்பிள்ளைக்கு நாலு முழம் தள்ளி வேறு குழி தோண்டினார்.