இரண்டு பேர் எண்ண வேண்டிய புள்ளிகள்

போன வருஷம், பிரசவ விடுப்பு முடிந்து ஜொகூர் பாருவில் நான் வேலை செய்யும் புற்றுநோய் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிய மூன்றாவது வாரம் நடந்தது இது.

எங்கள் வேலை புள்ளிகளை எண்ணுவது. மெல்லியதாகச் சீவிய கட்டித் திசுவில் ஒளிரும் சாயம் ஏற்றிய டிஎன்ஏ துண்டுகளைச் சேர்ப்போம். அவை தங்களுக்குரிய மரபணுவைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொரு செல்லிலும் அந்த மரபணு சிவப்புப் புள்ளியாக மின்னும். இரண்டு இருந்தால் சரி. ஒன்றுதான் என்றால் மரபணு தொலைந்திருக்கிறது. ஐந்து, ஆறு என்றால் பெருகியிருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அதிசயம்தான்.

திசு ஒட்டிய ஒரே கண்ணாடிச் சிலைடை இருவர் தனித்தனியாக எண்ணி, எண்ணிக்கையைப் பாரத்தில், அதாவது படிவத்தில், எழுத வேண்டும். ஒருவர் பாரத்தை மற்றவர் பார்க்கக் கூடாது. ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர் எண்ணுவார்.

அன்று எனக்கு வந்த சிலைடில் செல்லுக்கு ஐந்தாறு சிவப்பு. என்னோடு எண்ணுபவள் லாபிஸ் ஊர்க்காரி. என்னைவிட நான்கு வயது இளையவள், கெட்டிக்காரி. அவள் எழுந்து போனபோது மேசையில் கிடந்த அவள் பாரம் கண்ணில் பட்டது. எல்லாம் இரண்டு, இரண்டு. பிள்ளை பிறந்ததிலிருந்து சரியான தூக்கமில்லை. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புகிறவள் நான். தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று புதுப் பாரம் எடுத்து, இரண்டு இரண்டு என்று நிரப்பிவிட்டேன். பழையதை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

மதியம் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்த என்னை அவள் கேலி செய்தாள். "என்னக்கா, சோத்தையும் எண்ணிக்கிட்டா இருக்கீங்க?"

எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சிலைடில் பெயர் இல்லை, நம்பர் மட்டும்தான். ஆனாலும் யாரோ ஒரு பெண் கையெழுத்துப் போட்டுத் தன் உடம்பிலிருந்து ஆய்வுக்குக் கொடுத்தது. நான் பொய் எழுதினால் அவள் கொடுத்தது வீண். பழைய பாரத்தை எடுத்து மேசையில் வைத்து, எதிரே இருந்த லாபிஸ்காரியிடம் நடந்ததைச் சொன்னேன்.

அவள் கையைக் கழுவிவிட்டு இருட்டறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சிலைடுல ரெண்டு துண்டு இருக்குக்கா. நான் பக்கத்துல உள்ள நல்ல சதையை எண்ணியிருக்கேன். கட்டியை எண்ணினது நீங்கதான்."

"மேலதிகாரிகிட்ட சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"சொல்லித்தான் ஆகணும்லா. நீங்க மாத்துனதை நீங்க சொல்லுங்க. நான் தப்பா எண்ணினதை நான் சொல்றேன்."

பதிவேட்டில் தன் தவற்றைத்தான் அவள் முதலில் எழுதினாள். மூன்றாமவருக்கும் ஐந்து, ஆறுதான் வந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது, நியாயம்தான். ஆனால் பேசாமல் இருந்திருந்தால் தன் பெயர் கெடாது என்று தெரிந்தும், அவள் ஒரு நிமிஷம்கூடத் தயங்காததைத்தான் நான் மறக்கவில்லை.

இன்றும் அடுப்பை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். இருட்டறையில் உட்கார்ந்தால் மட்டும் என் கண் கண்டதை அப்படியே எழுதுகிறேன், அது தப்பாக இருந்தால் தானே எண்ணிச் சொல்ல அடுத்த நாற்காலியில் ஒருத்தி இருக்கிறாள்.